பேர் சொன்னவள்

“ஐயா, நிப்பாட்டுங்கோ! இது கள்ள வோட்!”

வாக்குச்சாவடியின் மூலையிலிருந்து சண்முகநாதன் எழுந்து நின்றார். ஆளுக்கொரு நிறப் பெட்டி வைத்திருந்த வேட்பாளர்களில் பச்சைப் பெட்டிக்காரரின் ஏசண்டு அவர்.

மேசை முன் நின்ற பெண்ணுக்கு வாக்குச்சீட்டைக் கிழித்துக் கொடுக்கப்போன அதிகாரி செபநாயகத்தின் கை அப்படியே நின்றது. மன்னாரிலிருந்து 1936ஆம் ஆண்டுத் தேர்தலுக்காக வந்த மனிதர். இந்த ஊரில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது.

“என்ன பிழை கண்டீர்?”

“கேட்ட உடனை புருசன்ரை பேரைச் சொல்லிப்போட்டா. எங்கடை ஊரிலை எந்தப் பெண்சாதி அப்பிடிச் சொல்லுவா? உவ பரமலிங்கத்தின்ரை மனிசியில்லை. ஆரோ கூட்டிவந்து விட்ட ஆள்.”

செபநாயகம் குழம்பிப்போனார். காலையிலிருந்து வந்த பெண்களில் ஒருத்திகூடப் புருசன் பேரைச் சொல்லவில்லை. தலையைக் குனிந்தார்கள். சேலைத் தலைப்பைத் திருகினார்கள். கடைசியில் அவரே வாக்காளர் இடாப்பைப் பார்த்து வாசிக்க, ‘ஓம்’ என்று தலையாட்டிச் சீட்டை வாங்கிப் போனார்கள். ஒருத்தியாவது வாய் திறந்தாளே என்று இப்போதுதான் சந்தோஷப்பட்டிருந்தார்.

“பிள்ளை, நீர் ஆர்?”

“நான் நல்லம்மா ஐயா. பரமலிங்கத்தின்ரை மனிசிதான். அவர் மலாயாவிலை வேலை. நானும் கனகாலம் அங்கை இருந்திட்டுப் போன வருசம்தான் வந்தனான். அங்கை ஆஸ்பத்திரியிலையும் புருசன் பேர் கேப்பினம், பள்ளிக்கூடத்திலையும் கேப்பினம். அவர் வேலைக்குப் போனா நான்தானே சொல்லவேணும்? சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சு.”

வாசலுக்கு வெளியே பெண்களின் வரிசை. அதில் முன்னுக்கு நின்ற இரத்தினம்மா எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

“கட்டினவன்ரை பேரை ஏலம் கூறுறமாதிரிக் கூறுறாள். மலாயாக் காத்து! உவளுக்கு வோட் ஒரு கேடோ?”

வரிசை சிரித்தது. நல்லம்மாவின் கண் கலங்கியது.

“ஐயா, பேர் சொல்லாட்டிச் சீட்டு இல்லையெண்டு வாசலிலை பொலிசுக்காரர் சொன்னார். சொன்னா, ஆளே நான் இல்லையெண்டு இவர் சொல்லுறார். நான் சொல்லுறதோ, விடுறதோ?”

செபநாயகத்துக்கும் அதுதான் விளங்கவில்லை. சொல்லாதவர்களையெல்லாம் நம்பிச் சீட்டுக் கொடுத்தாயிற்று. சொன்னவளைப் பொலிசில் கொடுப்பதா?

விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஆள்மாறாட்டம் என்றால் என்ன என்று இருந்தது. அதற்கு என்ன தண்டனை என்றும் இருந்தது. பெண்சாதி புருசன் பேரைச் சொன்னால் என்ன செய்வது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு ஏசண்டிடம் கேட்டார்.

“தம்பி, முந்தாநாள் நான் வந்திறங்கேக்கை மருதனார்மடச் சந்தியிலை மேசையிலை ஏறிப் பேசினது நீர்தானே? புதிய அரசியல் திட்டத்திலை ஆணும் பெண்ணும் ஒண்டு, இனிப் பெண்ணுக்கும் வாய் இருக்கெண்டு?”

“அது கூட்டம் ஐயா. இது வாக்குச்சாவடி.”

“அரசியல் திட்டம் ரண்டு இடத்துக்கும் ஒண்டுதானே?”

“திட்டம் லண்டனிலை இருந்து வந்தது. எங்கடை வழக்கம் அவங்களுக்கு என்ன தெரியும்? தெரிஞ்ச நான் சொல்லுறன். புருசன்ரை பேர் சொல்லுறவள் பெண்சாதியில்லை. எழுத்திலை தாறன். நீங்கள் பொலிசைக் கூப்பிடுங்கோ.”

பரமலிங்கத்தின் சொந்தக்காரர் முழுப்பேரும் எதிர்வேட்பாளரின் மஞ்சள் பெட்டிக்காரர் என்பதைச் சண்முகநாதன் சொல்லவில்லை. கடதாசி எடுத்து எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

எழுத்தில் வந்தபிறகு செபநாயகத்தால் தட்ட முடியவில்லை.

“பிள்ளை, உம்மைத் தெரிஞ்சவை ஆரும் இஞ்சை நிக்கினமோ?”

நல்லம்மா வரிசையைப் பார்த்தாள். வரிசை நிலத்தைப் பார்த்தது.

“அப்ப உந்தச் சுவரோடை ஒதுங்கி நில்லும். உம்மடை அலுவலைப் பிறகு பாப்பம். பொலிசுக்காரரை நான் கூப்பிடத்தான் வேணும் போலை கிடக்கு. ம், அடுத்த ஆள்!”

இரத்தினம்மா உள்ளே வந்தாள். சுவரோடு நின்று கண்ணைத் துடைக்கிற நல்லம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். மேசையில் கிடந்த கடதாசியையும் பார்த்தாள்.

“பேர்?”

“இரத்தினம்மா.”

இந்தமுறை செபநாயகத்துக்குக் கேட்கவே பயமாக இருந்தது. தானே வாசித்துவிடலாம் என்று இடாப்பில் விரலை வைத்தார்.

“புருசன் பேர் வந்து...”

“பொறுங்கோ ஐயா. எனக்கும் வாய் இருக்கு.”

தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். கோயிலில்கூட அந்த அஞ்செழுத்தை மனத்துக்குள் மட்டும் சொல்லிக் கும்பிடுகிறவள், வாசல் தாண்டிக் கேட்கும்படி சொன்னாள்.

“நமசிவாயம்!”

வெளியே வேப்பமரத்தடியில் ஆண்களோடு நின்ற ஒரு கிழவர், “ஆரது, என்னைக் கூப்பிட்டது?” என்று கேட்டார்.

செபநாயகம் பேனையைக் கீழே வைத்துவிட்டு ஏசண்டைத் திரும்பிப் பார்த்தார்.

“இவவும் ஆள்மாறாட்டமோ?”

சண்முகநாதன் தான் எழுதிய கடதாசியைத் திருப்பி எடுக்கக் கை நீட்டினார்.

“ஏன் தம்பி அதை எடுக்கிறாய்?” என்றாள் இரத்தினம்மா. “என்னையும் எழுதிக் குடு, உன்ரை அப்பரின்ரை பெண்சாதி நான் இல்லையெண்டு.”