பஞ்சு வைக்காத காது

விருத்தாசலத்து வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் பெரியவர் தனக்கோடி, அவருடைய தம்பி மனைவி ஆதிலட்சுமி, தம்பி பிள்ளைகள் பாரியும் சிவசங்கரியும், பெண்ணாடத்திலிருந்து பெண் கேட்டு வந்த நல்லமுத்து, அவர் சம்சாரம் கனகா.

தம்பி பச்சமுத்து அங்கே இல்லை. பெண்ணைப் பெற்றவரையே காலையில் சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏற்றி அனுப்பியிருந்தார் தனக்கோடி. பச்சமுத்துவிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும்.

ஆனாலும் விஷயம் பெண்ணாடம் வரைக்கும் போயிருந்தது.

"காது போனதுக்கு மில்லுதாங்க காரணம்," என்றார் தனக்கோடி, முதுகு வளையாமல் உட்கார்ந்தபடி. "பீங்கான் மண்ணு அரைக்கிற உருளைங்க. உள்ள கல்லு உருள்ற சத்தம். அதுங்கிட்ட நின்னவன் எவனுக்குக் காது தங்கும்?"

நல்லமுத்து காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"சர்க்கரை ஆலைக்குப் போறதுக்கு முன்ன நானும் அதே மில்லுலதான் பத்து வருசத்துக்கு மேல நின்னேங்க. எனக்கு எறும்பு ஊர்றது கேக்குது."

கனகா சிரிக்கவில்லை. "பொண்ணோட அப்பாருக்குக் காது போனா போவுது. நாளைக்கு எங்க பேரப்புள்ளைக்குப் போனா யாருங்க பதில் சொல்றது?"

ஆதிலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். அதே மில்லில் வேலை பார்க்கும் பாரியைப் போன வாரம்தான் புதுச்சேரிக்குக் கூட்டிப் போய்க் காட்டியிருந்தாள். டாக்டர் சொன்னதை வந்து தனக்கோடியிடம் ஒப்பித்ததும் அவள்தான்.

சத்தம் எல்லோர் காதையும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. சில குடும்பங்களில் பிறக்கும்போதே காது சத்தம் தாங்காததாக அமைந்துவிடுகிறது. அப்பனுக்கு இருந்தது மகனுக்கும் வந்திருக்கிறது. பாரிக்குப் பாதி போய்விட்டது. மில்லைவிட்டு இப்போதே வந்துவிட்டால் மீதியைக் காப்பாற்றலாம்.

கம்பெனியிலும் இரக்கப்பட்டு, பொம்மைக்கு வர்ணம் பூசும் பிரிவில் அவனுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். அங்கே பிரஷ் உரசுகிற சத்தம்தான். திங்கட்கிழமை போக வேண்டும்.

"பாரி தம்பி மில்ல வுட்டுட்டு பொம்மைக்கு வர்ணம் அடிக்கப் போவுதாமே," என்றார் நல்லமுத்து. "என்னாத்துக்குங்க?"

சிவசங்கரி காபித் தட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். இதற்கு முன் வந்து பார்த்தவர்கள், அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தான்.

தனக்கோடிக்கு முகம் சிவந்தது. ரத்தத்திலேயே குறை என்று அந்நியர் முன்னால் ஒப்புக்கொள்வதா? ஒப்புக்கொண்டால் இவள் மட்டுமில்லை, இந்த வீட்டில் இனிப் பிறக்கிற எந்தப் பெண்ணையும் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள்.

"எவன் சொன்னது? எங்க வூட்டு ஆம்பள பொம்மைக்குப் பொட்டு வெக்கவா பொறந்தான்? மில்லுலதான் நிப்பான். மத்தவன் காதுல பஞ்சு வெப்பான், இவன் அதுகூட வெக்க மாட்டான். எந்த ஷிப்டுல வேணா வந்து பாருங்க."

"மாமா..." என்றாள் ஆதிலட்சுமி.

"நீ உள்ள போ."

பாரி பெரியப்பாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். தங்கையை ஒரு முறை பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

கனகா பையிலிருந்து பூச்சரத்தை எடுத்து சிவசங்கரியின் தலையில் வைத்தாள்.

அது இரண்டாயிரத்து ஐந்து, ஆவணி மாதம்.

நல்லமுத்து மெய்யாகவே வந்து பார்த்தார், ஐப்பசியில் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை. உருளைக்குப் பக்கத்தில் பாரி வெறுங்காதோடு நின்றுகொண்டிருந்தான். அவர் கையசைத்தார், அவனும் அசைத்தான். திருப்தியோடு பஸ் ஏறினார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு குறையும் சொல்லவில்லை.

தம்பி மகனை மில்லைவிட்டு வரச் சொல்லப் பெரியவருக்குக் கடைசிவரை மனசு வரவில்லை என்று விருத்தாசலத்தில் ஒரு பேச்சு உண்டு.

அது பொய். சொன்னார். சிவசங்கரியைப் புருஷன் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிய அன்று, வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பாரியின் முதுகுக்குப் பின்னால் நின்று, "போதும்டா, வந்துடு," என்று சொன்னார்.

அவன் திரும்பவில்லை.