கெட்டித் தாள்

காலை வெயில் தையல்காரரின் வெட்டு மேசையில் நீளமாக விழுந்திருக்கிறது. அதில், போன வருடமே விற்றுவிட்ட காருக்கு வரியும் அபராதமும் கட்டச் சொல்லி வந்த கடிதம் கிடக்கிறது. “பேர் மாத்துற ஃபாரத்தை ஆபீஸ்ல கொடுத்துட்டேன்னு சொன்னீங்களே?” என்கிறாள் மனைவி, காஜா தைத்தபடியே. “கொடுத்தேனே!” என்று அடித்துச் சொல்கிறார். அவள் எழுந்து, ஆணியில் மின்விசிறிக் காற்றுக்குச் சலசலக்கும், துணி வெட்ட அளவு வைக்கும் மாதிரித் தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறாள். கெட்டித் தாளைக் கண்டால் அவர் கத்தரி சும்மா இராது. காலர் வடிவத் தாள் ஒன்றை அவள் திருப்பிப் பிடிக்கிறாள். பின்பக்கம் கார் எண் முழுதாக இருக்கிறது. வாங்கியவரின் கையெழுத்தில் பாதியைக் காணோம். கணவர் போட்டிருக்கும் புதுச் சட்டையை நிதானமாகப் பார்க்கிறாள். “காலர் என்னமோ கச்சிதமாத்தான் உக்காந்திருக்கு.”