ஒரே பேச்சு, இரண்டு ஞாயிறு

லண்டன் ஹவுன்ஸ்லோ மண்டபத்தில் கைதட்டல் ஓய்ந்ததும், தமிழ்ச் சங்கத் தலைவர் வாமதேவன் கண்ணைத் துடைத்தபடி யசோதினியிடம் வந்தார்.

அவள் யூத சமய வரலாற்றை ஆய்வு செய்பவள். பண்டைய யூத அறிஞர்களின் இரண்டு பள்ளிகள் சட்ட விளக்கத்தில் ஓயாமல் மோதிக்கொண்டபோதும் ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுப்பதை நிறுத்தவில்லை, வாதத்தில் தோற்றவர்களின் கருத்தும் அழிக்கப்படவில்லை என்று பேசியிருந்தாள்.

“எங்கடை சனத்துக்கு உறைக்கச் சொன்னீர், பிள்ளை. அடுத்த ஞாயிறும் இஞ்சை வந்து இதையே பேச ஏலுமோ?”

“ஓம் அங்கிள். இண்டைக்கு வர ஏலாத ஆக்களுக்கோ?”

“வரமாட்டம் எண்டு நிக்கிற ஆக்களுக்கு. போன வருசம் பிரிஞ்சுபோய் வேறை சங்கம் தொடங்கினவை. அடுத்த ஞாயிறு இதே மண்டபத்திலை அவையின்ரை கூட்டம். அவைக்குத்தான் இது கட்டாயம் தேவை.”

“ஏன் பிரிஞ்சவை?”

“பொங்கல் விழாவிலை ஆர் விளக்கேத்திறது எண்ட பிரச்சினை.”

யசோதினி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “அவையின்ரை கருத்தையும் எழுதி வைச்சிருக்கிறியளோ?”

“கூட்டக் குறிப்பிலை இருந்ததையும் வெட்டிப்போட்டம். ஆனா நீர் சொன்ன மற்றதை நாங்களும் கைவிடேல்லை.”

“எதை?”

“சம்பந்தத்தை. அந்தச் சங்கத்தின்ரை தலைவி என்ரை மனுசிதான்.”

வாமதேவன் சன்னல் வழியே வெளியே நின்ற காரைக் காட்டினார்.

“என்னைக் கொண்டுவந்து விட்டவ. உம்மை அடுத்த ஞாயிறுக்குக் கேக்கச் சொன்னதும் அவதான். ஆனா எங்கடை கூட்டத்துக்குள்ளை கால் வைக்கமாட்டா.”

“அப்ப அடுத்த ஞாயிறு நீங்கள்?”

“காருக்குள்ளை இருப்பன்.”