சாயங்காலக் கேஸ்கள்

“போதும்மா, கெளம்பு.”

கோதண்டராமன் சொன்னதும் அனந்தமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிரே சிங்கவரத்துக் குஞ்சம்மாள் அப்போதுதான் உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்திருந்தாள்.

“சார், இவங்க இப்பத்தான் பேசவே ஆரம்பிச்சாங்க.”

“சுந்தரமூர்த்தி பாத்துப்பான். நீ போ.”

கூடப் படிக்கிற சுந்தரமூர்த்தி மறு பேச்சில்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். குஞ்சம்மாள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இன்னா சாமி இது? நான் யாருகிட்டதான் அழுவறது?”

அனந்தமதி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ராஜகிரிக் கோட்டை மலை மேலே வெயில் இன்னும் அப்படியே இருந்தது.

இந்திப் போராட்டத்தில் மூடிய கல்லூரியைத் திறந்த கையோடு, சமூகப் பணி படிக்கிற இவர்கள் இரண்டு பேரையும் மெட்ராஸிலிருந்து செஞ்சிக்குப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். குடும்ப ஆலோசனை நிலையம் என்று போர்டு. உள்ளே ஒரு மேஜை, நாலு நாற்காலி, அதிகாரியாகக் கோதண்டராமன்.

பயிற்சி முடிந்ததும் மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு வருஷம் சம்பளத்தோடு மேல்பயிற்சி. இருப்பது ஒரே ஓர் இடம். யார் அதிகக் கேஸ் பார்த்திருக்கிறார்களோ அவர்களுக்கு. கிடைக்காவிட்டால் வந்தவாசியில் அவளைப் பெற்ற நைனா மாப்பிள்ளையோடு தயாராக இருக்கிறார். மாப்பிள்ளைக்கு எண்ணெய் மில் இருக்கிறது. பெண் வேலைக்குப் போவது மட்டும் பிடிக்காதாம்.

பகலில் அந்த நிலையத்துக்கு ஈ, காக்காய் வராது. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போகும். கொல்லைக்காட்டில் மல்லாட்டைக் கடலை ஆய்கிற பெண்கள் வேலை முடிந்து, பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் ஒவ்வொருவராக வருவார்கள். வந்தால் கொட்டித் தீர்ப்பார்கள். ஆள் வரத் தொடங்கியதுமே இந்த மனிதருக்கு மூக்கில் வேர்த்துவிடும். “போதும்மா, கெளம்பு.”

“இருட்டினா எனக்குப் பயமில்ல சார். நர்ஸ் குவார்ட்டர்ஸ் பக்கத்துலதான இருக்குது?” என்றும் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

“அதுக்கில்லம்மா. நீ போ.” அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

குவார்ட்டர்ஸில் அவளைத் தங்க வைத்திருந்த நர்ஸ் ராஜாம்பாள், முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

“இன்னிக்கும் தொரத்திட்டாரா?”

“ஆமாக்கா. அலுத்துப் போச்சு. பெட்டியக் கட்டிக்கிட்டு ஊருக்கே போயிடலாம்னு இருக்குது.”

“பொம்பளன்னா எளக்காரம், வேற இன்னா? நாளைக்கு உனக்குப் பயிற்சி முடியுது. இன்னிக்கே போய் மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வா. அப்பதான் ஆறும்.”

இருட்டும்வரை பொருமிக்கொண்டிருந்துவிட்டு அனந்தமதி கிளம்பினாள்.

சுந்தரமூர்த்தி போய்விட்டிருந்தான். கோதண்டராமன் தனியாக, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். ஊர் அழுகையை எல்லாம் கேட்டுக் கேட்டு முகம் வதங்கியிருந்தது.

“எம்மேல உங்களுக்கு இன்னா சார் கோவம்?”

“கோவமா? எனக்கா?”

“வர்ற கேஸையெல்லாம் அவருக்குக் குடுத்துட்டு என்னை வெரட்டறீங்களே. இனிமே அந்த எடம் எனக்கு எங்க சார் கெடைக்கும்?” அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வந்தாள். முடியவில்லை.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“கெடைக்கலம்மா. மத்தியானம் உங்க ப்ரொபசருக்கு ட்ரங்க் கால் போட்டேன். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல, நான்தான் சாயங்காலத்துல அனுப்பிட்டேன், பாத்த ரெண்டு கேஸையும் அருமையா பாத்திருக்குதுன்னு மன்றாடிப் பாத்துட்டேன். கேஸ் எண்ணிக்கைதான் பேசும்னுட்டாரு. சுந்தரமூர்த்திக்குத்தான் போவுது.”

அனந்தமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்புறம் ஏன் சார் அனுப்பினீங்க?”

“இன்னாம்மா இப்படிக் கேக்கற? முதல் நாள் சாயங்காலம் போண்டா வாங்கி வெச்சப்ப, ‘நாங்க ஜைனருங்க சார், பொழுது சாஞ்சா எதுவும் சாப்பிடறதில்ல’ன்னு நீதான சொன்ன?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“முன்ன எங்கூட நேமிராஜ்னு ஒருத்தரு வேல பாத்தாரு. உங்க ஆளுங்கதான். தெனம் இருட்டற வரைக்கும் உக்கார வெச்சிருவேன். மனுசன் வாயத் தொறந்து சொல்லவே இல்ல. வருசக்கணக்கா ராத்திரி பட்டினியா கெடந்திருக்காரு. ஊரு கஷ்டத்தையெல்லாம் கேக்கற நான், பக்கத்து நாற்காலியில இருந்தவரு பசியக் கேக்கல. அந்தப் பாவம் இன்னொரு தடவ வேணாம்னுதாம்மா. அந்தப் பையன் எதிர்ல சொன்னா உனக்குக் கூச்சமா இருக்குமேன்னு காரணம் சொல்லல.”

அனந்தமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

“உன் எடம் போனதுக்கு நான்தான் காரணம். மன்னிச்சிக்கம்மா,” என்றார் அந்தப் பெரிய மனிதர். பிறகு ஜன்னலுக்கு வெளியே இருட்டைப் பார்த்துவிட்டுக் கவலையோடு கேட்டார். “இன்னிக்குப் பொழுதோட சாப்ட்டுட்டியா?”

“சாப்ட்டேன் சார்.”

போண்டாவின் எண்ணெய் நாற்றம் பிடிக்காமல் அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்த அனந்தமதி, மெட்ராஸ் ஹாஸ்டலில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட இருட்டுவதற்கு முன்னால் சாப்பிட்டதில்லை.