ஒட்டிய பக்கம்

சியோலிலிருந்து அந்த மலையோரச் சுரங்க ஊர்த் தேவாலயத்துக்குப் பாடகர் குழுத் தலைவியாக வந்த ஹேரான், பழைய பாட்டுப் புத்தகங்கள் நாற்பதிலும் ஒரே பக்கம் ஒட்டிக் கிடப்பதைக் கண்டாள். ஈரத்தின் வேலை என்று நினைத்து ஒன்றை ஆவியில் காட்டிப் பிரித்தாள். உள்ளே அவள் கேட்டே இராத ஒரு பாட்டு இருந்தது. மெட்டு மனதைப் பிசைந்தது.

ஞாயிறு ஆராதனையில் அதைப் பாடினாள். முதல் வரியிலேயே கிழவிகள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தியும் கூடப் பாடவில்லை. இரண்டாவது சரணத்தின் பாதியில் ஹேரானுக்குக் கூச்சமாகிவிட, நிறுத்திவிட்டாள்.

முன்வரிசையிலிருந்த தொக்சுன் என்ற கிழவி மெல்ல எழுந்தாள்.

"ஏம்மா நிறுத்திட்டே?"

"உங்க யாருக்கும் பிடிக்கலையோன்னு..."

"அந்தப் பக்கத்தை நாங்கதான் சோத்துப் பசை தடவி ஒட்டினோம்."

"எதுக்கும்மா?"

"சுரங்கம் இடிஞ்சப்போ உள்ள மாட்டின எங்க வீட்டு ஆம்பளைங்க இதைத்தான் பாடிக்கிட்டிருந்தாங்க. காத்துக் குழாயில காதை வெச்சு மூணு நாள் கேட்டோம். நாலாம் நாள், இப்ப நீ நிறுத்தின இடத்துல நின்னுபோச்சு."

தொக்சுன் மறுபடி உட்கார்ந்தாள்.

"நீயாவது மிச்சத்தைப் பாடி முடிச்சிடும்மா."