வாசற்படிக்கு மேல் நீளும் கை

நான்காவது மாடியின் மங்கலான வெளிச்சத்தில் மூச்சு வாங்க நிற்கிறார் போகுமிலா. மூன்று நாடுகளில் போலந்தின் தூதராக இருந்தவர். நாடாளுமன்ற மேலவையான செனட் தேர்தலில் நிற்க, ஆதரவு வாக்காளர் பட்டியலில் இன்னும் ஒரே ஒரு கையெழுத்து வேண்டும். இன்று நான்கு மணிக்குள் அந்தப் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கதவைத் திறந்த ஸெனோன், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், அசையாமல் நிற்கிறார். உள்ளே வெங்காயம் வதங்கும் வாசனை. "இருபது வருஷம் அரண்மனை விருந்து. இப்பத்தான் எங்க மாடிப்படி கண்ணுக்குத் தெரியுதா, தூதரம்மா?" "லிஃப்ட் இருந்திருந்தா முன்னாடியே வந்திருப்பேன், ஸெனோன் ஐயா." ஸெனோன் சிரிக்கவில்லை. "போயிட்டு வாங்க" என்று விடைகொடுக்கக் கையை நீட்டுகிறார். போகுமிலா தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார். "வாசப்படிக்கு மேல யாராவது கை குடுப்பாங்களா? சண்டைல போய் முடியும். ஒண்ணு நீங்க வெளிய வாங்க, இல்ல நான் உள்ள வரேன்." நீட்டிய கை அந்தரத்தில் நிற்கிறது. ஸெனோன் தன் வீட்டுச் செருப்பைப் பார்க்கிறார், மழைக்கோட்டு சொட்டி நனைந்த படிக்கட்டைப் பார்க்கிறார், பெருமூச்சுடன் ஒதுங்கி வழிவிடுகிறார். உள்ளே வந்து கைகுலுக்கிய வேகத்திலேயே மேசைமேல் தாளை விரிக்கிறார் போகுமிலா. "கையெழுத்து மட்டுந்தான். ஓட்டெல்லாம் கிடையாது, சொல்லிட்டேன்" என்கிறார் ஸெனோன். "ஓட்டுக்கு அடுத்த மாசம் வரேன், ஐயா," என்றபடி பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டுகிறார் போகுமிலா.