எந்தக் கறுப்பு?

திருப்போரூர் ஹார்டுவேர் கடையில் சங்கவி பத்தடி பின்னால் போய் நின்றாள். கைப்பையிலிருந்து முறுக்கு கட்டி வந்த பழைய கவர் ஒன்றை எடுத்தாள். எண்ணெய் ஏறி மங்கிப் போயிருந்த அந்தக் கவரைக் கண்ணுக்கு முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப காட்டு மாமா."

அவள் கணவன் தீனா வெள்ளை மைக்கா துண்டு ஒன்றை நெஞ்சோடு அணைத்து, அதன்மேல் அலமாரிக் கைப்பிடியை வைத்துக் காட்டினான். போலீஸ் ஸ்டேஷனில் பலகையைக் கொடுத்துப் படம் எடுப்பார்களே, அப்படி இருந்தது அவனுக்கு.

"இது பளபளன்னு கீது. வேற."

கடைக்காரர் எல்லப்பன் அடுத்ததை நீட்டினார். அவரிடம் கறுப்பிலேயே ஆறு தினுசு இருந்தது. "இருபது வருசமா கடை வச்சிகினு கீறேன் நைனா. கைப்பிடியக் கையால புடிச்சுப் பாப்பாங்க. கவர் போட்டுப் பாக்குறத இப்பத்தான் பாக்குறேன்."

"நாலு கடையா இதான் கூத்து அண்ணாத்த" என்றான் தீனா.

தீனாவின் வீட்டுச் சமையலறை ஏழடிக்கு ஆறடி. மூன்று பேர் நுழைந்தால் ஒருவர் வெளியே வந்துதான் மூச்சு விட வேண்டும். அதற்குள் எட்டு வெள்ளை அலமாரிக் கதவுகள். எட்டிலும் இருந்த ஸ்டீல் கைப்பிடிகள் கடல் காற்றில் துருப்பிடித்துவிட்டன. மாற்ற வேண்டியதுதான். அதில் யாருக்கும் தகராறு இல்லை.

கறுப்புதான் வேண்டும் என்றாள் சங்கவி. கறுப்பு வாசப்படி ஏறக் கூடாது என்றாள் தீனாவின் அம்மா வச்சலா. இரண்டு வாரமாகத் தெருவே கேட்டுக்கொண்டிருந்தது.

"அடுப்பு எரியற எடத்துல எவளாவது கறுப்பு வப்பாளா?"

"தோசக்கல்லு இன்னா கலரு அத்த?"

"பாத்தியாடா பேச்ச. இவ அம்மா வளத்த லட்சணம்."

தீனா இருவருக்கும் நடுவில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவான். நியாயம் அம்மா பக்கம் என்றுதான் அவனுக்குப் பட்டது. முப்பது வருடம் மீன் கூடை சுமந்து அவனைப் படிக்க வைத்தவள். இன்னும் குப்பத்து முனையில் உட்கார்ந்து விற்றுக்கொண்டிருக்கிறாள். போன வருடம் முட்டி வலி என்றாள் என்று, கூடையை எடுத்து மாடித் தண்ணீர் டேங்க் மேல் வைத்துவிட்டான். அவள் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. அப்படிப்பட்டவளுக்கு ஒரு ஸ்டீல் கைப்பிடி வாங்கித் தந்தால் என்ன குறைந்துவிடும்?

"இன்னாமே, அம்மாவுக்காக விட்டுக் குடுத்தா ஆகாதா?"

"ஆகாது மாமா. அந்த அஞ்சாவது கறுப்பக் காட்டு."

பளபளப்பே இல்லாத, ஒரு சாண் நீளக் கைப்பிடி. சங்கவி கவரை இரண்டாக மடித்துப் பார்த்தாள். "இதான். எட்டு போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை தீனாவே திருப்புளி எடுத்து எட்டையும் மாட்டினான். வச்சலா தெருவில் நின்றபடி, "துக்க வூடு கணக்கா பண்ணிட்டா. இது இருக்குற வரைக்கும் அந்த ரூமுல காலு வக்க மாட்டேன்" என்று எதிர்வீடு வரை கேட்கச் சொன்னாள். தீனாவுக்கு மனசு ஆறவில்லை. சங்கவியோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸுக்குப் போனவன், பாதி வழியில் அடையாள அட்டை ஞாபகம் வந்து திரும்பினான். செருப்பைக் கழற்றும்போது சமையலறையில் பேச்சு கேட்டது. எட்டிப் பார்த்தான்.

வச்சலா உள்ளே நின்றிருந்தாள். நேராகக் கை நீட்டி மூன்றாவது கதவைத் திறந்து சர்க்கரை டப்பாவை எடுத்தாள்.

"முன்ன கதவு எது, கைப்பிடி எதுன்னு தெரியாம தடவிகினே நிப்பேன்மே. இப்ப எட்டும் எட்டுத் திக்குல பளிச்சுன்னு நிக்குது."

"உங் கண்ணுக்குத் தெரியற மாரியே மங்கலா ஒரு கவர் வச்சுப் பாத்துதான் வாங்கினேன் அத்த. கடைக்காரரு என்ன ஒரு மாரி பாக்குறாரு."

"பாத்தா பாக்கட்டும். அடுத்த மாசம் முகாமுல கண்ணு ஆபரேசன் ஆவுற வரைக்கும் அவன்கிட்ட வாயத் தொறக்காத. தெரிஞ்சா மொதல்ல கூடையத்தான் டேங்க் மேல ஏத்துவான்."

"சொல்லல. ஆனா நீ கொஞ்சம் கம்மியா திட்டலாம். எங்கம்மாவ எதுக்கு இழுத்த?"

"அவன் நம்பணும்ல."

தீனா செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் தெருமுனை வரை போனான். அங்கிருந்து இருமிக்கொண்டே திரும்பி வந்தான்.

அவன் வாசலுக்கு வருவதற்குள் வச்சலா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கையில் டீ டம்ளர். "கறுப்பாம் கறுப்பு. வூடு வெளங்குமா?" என்று ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து சங்கவியும் பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

தீனா அட்டையை எடுத்துக்கொண்டான். "நீ விடாதம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

சாயங்காலம் எல்லப்பன் கடையில் போய் நின்றான்.

"சுவிட்ச் போர்டு, பாத்ரூம் தாப்பா, தெருக் கதவுக் கைப்பிடி. எல்லாம் கறுப்புல வேணும் அண்ணாத்த."

"அட, வூட்ல சமாதானம் ஆயிடுச்சா?"

"எங்க. இன்னும் ஒரு மாசத்துக்குச் சண்டைதான்" என்ற தீனா, பத்தடி பின்னால் போய், சட்டைப் பையிலிருந்து சங்கவியின் முறுக்கு கவரை எடுத்துக் கண்ணுக்கு முன்னால் இழுத்துப் பிடித்தான். "ஒவ்வொண்ணா காட்டு."